பள்ளத்துக்கு வந்த கோடை

செவ்வாய்க் கிரகத்தில் பள்ளம் என்று ஓர் ஊர் இருந்தது. காகிதங்களில் அதற்கு எண்ணும் எழுத்தும் கலந்த வேறொரு பெயர் உண்டு. குடியிருந்தவர்கள் யாரும் அதை வாயால் சொன்னதில்லை. எப்போதோ விண்கல் விழுந்து குழிந்த இடத்தின் மேல் பனிக்கட்டியும் கண்ணாடியுமாக அடுக்கிக் கூரை போட்டு, அதன் கீழே வீடும் தெருவும் தோட்டமும் எழுப்பியிருந்தார்கள். அதனால் பள்ளம். அந்த ஊரில் காற்று உண்டு, தண்ணீர் உண்டு, வானம் மட்டும் கிடையாது. வெயிலானாலும் குளிரானாலும் கூரை விளக்குகளிலிருந்தும் காற்றுக் குழாய்களிலிருந்தும்தான் வரவேண்டும். அவற்றைக் கூட்டிக் குறைக்கிற வேலை ஆவுடையம்மாளுடையது. பருவப் பொறுப்பாளர் என்று பதவிக்குப் பெயர்.

திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, குளிர்சாதனப் பொறியியல் படித்து, கல்யாணமான கையோடு புருஷன் சுடலைமுத்துவுடன் ஒப்பந்தத்தில் வந்தவள். இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. அவர்கள் வந்த புதிதில் பள்ளத்தில் பருவங்கள் இருந்தன. சித்திரை என்றால் நடுத்திடலில் பாய் விரித்துப் படுப்பார்கள். ஐப்பசியில் குழாய்களில் ஈரக்காற்று விட்டு மண்வாசனைகூட வரவழைத்தாள் ஒரு தடவை. பிறகு ஒரு கோடையில் தண்ணீர்ப் பங்கீட்டுக்காகச் சண்டை வந்தது. சனம் முழுக்கத் திடலில் இறங்கி உட்கார்ந்துவிட்டது. பூமியிலிருந்து ஊரை நடத்திவந்த கூட்டமைப்பை எல்லோரும் மேலிடம் என்றுதான் சொல்வார்கள். அந்த மேலிடம் சனம் கேட்டதைக் கொடுத்துக் கூட்டத்தைக் கலைத்தது. அடுத்த மாதமே மின்சாரச் சிக்கனம் என்று ஓர் உத்தரவு வந்தது. அன்றிலிருந்து பள்ளத்தில் மார்கழிதான். விளக்குகள் மங்கலாக எரியும். காற்று முதுகைக் குத்தும். வேலை முடிந்தால் வீடு, வீட்டுக்குள் போர்வை. அப்படியே ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆவுடைக்கும் அதில் ஒரு சோர்வு படிந்து, தினமும் அதே வெப்ப எண்ணை வைத்துவிட்டு வருவதே வேலை என்று ஆகிப்போனது.

ஒரு நாள் மத்தியானம் பருவ அறைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் சவரிமுத்து. தூத்துக்குடிக்காரர், குழாய் ஒட்டுபவர், குடியிருப்போர் குழுவின் தலைவர். சுடலைமுத்துவை அண்ணாச்சி என்று கூப்பிடுவதால் ஆவுடை அவருக்கு மதினி. இன்னொருத்தி பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுக்கும் ஷம்சுன்னிஸா. பள்ளத்திலேயே பிறந்து வளர்ந்தவள், பூமியைப் படத்தில் மட்டும் பார்த்தவள்.

"மதினி, ஒரு கப்பல் வந்துக்கிட்டு இருக்கு, தெரியுமா?" என்றார் சவரிமுத்து.

"சரக்குக் கப்பல்னு சொன்னாவ."

"சரக்குக்கு எதுக்கு அத்தனை இருக்கை? காவல்படைன்னு பேச்சு. நாம தன்னாட்சி கேட்டு மனு போட்டோம்லா, அதுக்குப் பதில் ஆளு மூலமா வருது போல. வந்து இறங்கும்போது திடல்ல ஊரே நிக்கணும். ஆனா கூட்டம்னு கூப்பிட்டா வாரது பத்துப் பேரு. வந்தவனும் கையைக் கக்கத்துல வச்சுக்கிட்டு எப்ப முடியும்னு பாக்கான்."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

சவரிமுத்து ஷம்சுவைப் பார்த்தார். அவள் ஆரம்பித்தாள்.

"அக்கா, பூமியில எத்தனை தேசம் இருக்கோ அத்தனைக்கும் சுதந்திர தினத்தை எடுத்து மாசவாரியா அடுக்கிப் பார்த்தேன். பரவலா விழுந்திருக்கணும் இல்லையா? விழல. ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர்ல குவிஞ்சு கிடக்கு. இந்தியா, பாகிஸ்தான், இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், ஆப்பிரிக்காவுல ஒரே ஆகஸ்டுல வரிசையா அத்தனை நாடுங்க. ஜனவரி, பிப்ரவரி பக்கம் போனா ஆளே இல்ல."

"இலங்கை பிப்ரவரியில்ல?"

"ஒண்ணு ரெண்டு அப்படி உண்டு. மொத்தமா பார்த்தா வெயில் காலம்தான். பகல் நீளம், சனங்க வெளிய இருப்பாங்க, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பேசுவாங்க. பேசினாத்தானே எதுவும் நடக்கும்? மேலிடத்துல இந்தக் கணக்கை யாரோ நமக்கு முன்னாடியே போட்டுட்டாங்க. அதனாலதான் இந்தக் குளிர். மின்சாரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

பருவங்களோடேயே காலம் தள்ளியவள் ஆனதால் ஆவுடைக்கு ஒன்று உறுத்தியது.

"ஏம்மா, பெரு, பிரேசில், அர்ஜென்டினா எல்லாம் எந்த மாசம்?"

"ஜூலை, செப்டம்பர்..."

"அப்ப அங்க குளிர்காலம்லா? பூமியோட அந்தப் பாதியில எல்லாம் தலைகீழா இருக்கும்."

ஷம்சு தலையாட்டினாள். "ஆமாக்கா. அது எனக்கும் இடிக்குது. பதில் கிடைக்கல."

"கணக்கு சரியோ தப்போ, இருந்துட்டுப் போகட்டும்" என்றார் சவரிமுத்து. "இந்தக் குளிர்ல இங்க ஒண்ணும் நடக்காது. அது எனக்குத் தெரியும். கப்பல் வர முன்னாடி ஒரு கோடை குடுங்க மதினி. அதுக்கு மேல நான் பாத்துக்கிடுதேன்."

யோசித்துச் சொல்வதாக ஆவுடை சொன்னாள். அவள் யோசிக்கவேண்டியிருந்தது மேலிடத்தைப் பற்றி இல்லை. அது அவர்கள் இருவருக்கும் தெரியாது.

சுடலைமுத்து பனிச்சுரங்கத்தில் பாறை குடைந்தவன். அந்தத் தூசி அவன் நுரையீரலில் இறங்கிக் கெட்டிப்பட்டுப் போயிருந்தது. குளிர்ந்த உலர்ந்த காற்று இருக்கும்வரை அவனால் இழுத்துப் பிடித்துக்கொள்ள முடியும் என்றும், வெக்கை ஏறினால் கூரைப் பனி கசிந்து காற்றில் ஈரம் கூடும், அந்த ஈரக்காற்றை இந்த நுரையீரல் தாங்காது என்றும் மருத்துவர் சொல்லியிருந்தார். அவனை மட்டும் வேறெங்காவது வைப்போம் என்றால் அப்படி ஓர் இடம் கிடையாது. ஊர் முழுவதும் ஓடுவது ஒரே காற்று. மேலிடத்து உத்தரவைச் சபித்துக்கொண்டு ஊரே நடுங்கிய அத்தனை காலமும் ஆவுடை மட்டும் உள்ளுக்குள் அதற்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் கஞ்சி கொடுக்கும்போது எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள். மறைக்கிற பழக்கம் இருவருக்கும் இல்லை.

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டான்.

"கப்பல் வந்து ஒரு முடிவு தெரியுத வரைக்கும்."

"நீ என்ன நெனைக்க?"

"எனக்கு ஒண்ணும் ஓடல. உங்களுக்கு ஆகாதுல்லா."

"எனக்கு எதுதான் ஆகுது?" அவன் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க இரண்டு தடவை நிறுத்தவேண்டியிருந்தது. "வேர்த்து எத்தனை வருசமாச்சு, நெனைச்சுப் பாரு. இப்படிக் கெடக்கதும் ஒரு இருப்பா ஆவுடை? எனக்காவ ஒரு ஊரையே போர்வைக்குள்ள வச்சிருக்கேன்னு நான் நெனைக்கும்படி ஆயிரக்கூடாது பாத்துக்க."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அது சம்மதமா, அலுப்பா என்று அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. மறுநாள் காலையில் பருவ அறைக்குப் போய், பல வருடமாக அசையாமல் கிடந்த எண்ணை நகர்த்தினாள்.

ஒரேயடியாகக் கூட்டவில்லை. கூட்டினால் கூரைப் பனி உடைத்துக்கொண்டு இறங்கிவிடும். ஒவ்வொரு நாளும் விளக்கைச் சற்று ஏற்றி, காற்றைச் சற்று மட்டுப்படுத்தி, சித்திரையை இழுத்து வருவதுபோல் வரவழைத்தாள். முதலில் பிள்ளைகள் கம்பளிச் சட்டையைக் கழற்றினார்கள். பிறகு ஜன்னல்கள் திறந்தன. யாரோ ஒருத்தி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். எதிர் வீட்டுக்காரி அவளைப் பார்த்து, "நீங்க இந்தத் தெருவுலயா இருக்கீங்க?" என்று கேட்டாளாம். இதை ஷம்சு வந்து சொல்லிச் சிரித்தாள்.

ஊர் நிர்வாகி ரொசாரியோ அழைத்துப் பேசினார். அவர் மேலிடத்து ஆள். ஆவுடை அவருக்காக ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தாள்.

"வெப்பம் ஏறியிருக்கே, பழுதா?"

"ஆமாங்க சார், வெப்பக் கட்டுப்பாட்டுல கோளாறு. உதிரிப்பாகம் வேணும்."

"சரி. அவசரமில்லை. மெதுவாப் பாருங்க."

அவ்வளவுதான். ஓர் அதட்டல் இல்லை. உத்தரவை மீறியதற்காக வேலையோடு வீட்டையும் பறிப்பார்கள் என்று பயந்திருந்தவளுக்கு அது விசித்திரமாகப் பட்டது. ஆனால் அதையும் ஆராய்ந்துகொண்டிருக்க அவளிடம் தெம்பில்லை.

திடலில் கூட்டம் சேர ஆரம்பித்தது. முதலில் காற்று வாங்கத்தான் வந்தார்கள். வந்தவர்களிடம் சவரிமுத்து பேசினார். அவருக்கு நல்ல குரல். தண்ணீரை யார் அளப்பது, இங்கே பிறந்த பிள்ளைக்கு எந்த ஊர்க் குடியுரிமை, சுரங்கத்தில் தூசி தின்றவனுக்கு யார் பொறுப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அதையே குளிரில் கேட்டபோது யார் காதிலும் விழவில்லை. இப்போது பதிலுக்குக் கத்தினார்கள். பாய் வந்தது, அடுப்பு வந்தது, தாயக்கட்டம்கூட வந்தது. வீட்டுக்குப் போகிறவர்கள் குறைந்தார்கள்.

தன்னையும் அங்கே கொண்டுபோய் உட்கார வைக்கச் சொன்னான் சுடலைமுத்து. ஒரு நாள் காலை ஆவுடையும் சவரிமுத்துவும் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். விளக்குகளுக்கு நேர் கீழே நாற்காலி போட்டார்கள். பழைய சுரங்கக்காரர்கள் வந்து சுற்றி நின்றார்கள். அவன் நெற்றியைத் தடவி விரலைப் பார்த்தான்.

"வேர்க்குது ஆவுடை" என்றான். முகம் மலர்ந்திருந்தது.

அதற்குப் பிறகு அவனுக்கு மூச்சு சீராக வரவே இல்லை.

இப்போதே குளிரைத் திருப்பினால் இன்னும் சில மாதம் இழுத்துப் பிடிக்கலாம் என்று மருத்துவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஆவுடை நேரே பருவ அறைக்கு நடந்தாள். குளிர்காற்றைத் திருகிவிட்டாள். அறையின் கண்ணாடி வழியாகத் திடல் முழுவதும் தெரியும். கொஞ்ச நேரத்தில் சனங்கள் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார்கள். ஒருத்தி முந்தானையை இழுத்துப் போர்த்தினாள். பிள்ளைகளை வாரி எடுத்துக்கொண்டு சிலர் கிளம்பினார்கள். பாய்கள் சுருண்டன. அவளுடைய கைப்பேசி ஒலித்தது. சவரிமுத்து.

"மதினி, என்னாச்சு? கூட்டம் கலையுது. கப்பல் இறங்கப் போவுதுன்னு இப்பத்தான் தகவல் வந்திருக்கு. ஏதும் பழுதா?"

வாயைத் திறந்து சொல்லியிருந்தால் சவரிமுத்து ஒத்துக்கொண்டிருப்பார். கோடை வேண்டாம் என்றே சொல்லியிருப்பார். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அதனாலேயே சொல்ல முடியவில்லை. கீழே ஓர் ஆள் சுருட்டிய பாயோடு நின்று போகலாமா இருக்கலாமா என்று தடுமாறிக்கொண்டிருந்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல. சரி பண்ணிட்டேன்" என்று சொல்லி வெப்பத்தை மறுபடி ஏற்றினாள்.

சுடலைமுத்து மறுநாள் உச்சிப்பொழுதில் போனான். ஜன்னல் திறந்திருந்தது. திடலில் பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் அவன் கையைப் பிடித்திருந்தாள், உள்ளங்கை ஈரமாக இருந்தது. அந்த ஈரம் யாருடையது என்று தெரியாத அளவுக்கு இருவருக்குமே வேர்த்திருந்தது.

சவரிமுத்து வந்து வாசலிலேயே நின்றார்.

"டாக்டரம்மா சொன்னாவ. எனக்குத் தெரியாது மதினி. தெரிஞ்சிருந்தா..." என்றார்.

"உள்ள வாங்க."

வந்து அண்ணாச்சியின் காலடியில் உட்கார்ந்து அழுதார். பொய்யில்லாத அழுகை. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டபின்தான் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"வெளிய கேக்காவ, எப்படிப் போனாருன்னு. வெயில்லன்னு சொன்னா பயந்து எல்லாரும் வீட்டுக்குப் போயிருவாவ. இத்தனை வருசம் குளிர்ல போட்டு வதைச்சதாலதான் போனாருன்னு... சொல்லிக்கிடட்டுமா?"

ஆவுடை அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது. கோபம் எங்கேயோ தூரத்தில் இருந்தது, போய் எடுத்து வர அவளால் ஆகவில்லை.

"என்னத்தையும் சொல்லிக்கிடுங்க" என்றாள்.

அப்படித்தான் சுடலைமுத்து தியாகி ஆனான். உடலைத் திடலைச் சுற்றிக் கொண்டுபோனார்கள். குளிர் கொன்றது என்று கோஷம் போட்டார்கள். அவள் பின்னால் நடந்துபோனாள். கோஷம் போடுகிற ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டு போனாள். அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். அவர்களில் பலருடைய அண்ணனும் தகப்பனும் அதே சுரங்கத்தில் தூசி தின்றவர்கள்தான்.

கப்பல் இறங்கியபோது திடலில் ஊரே நின்றது. கதவு திறந்தது. காவல்படை எதுவும் வரவில்லை. பெட்டி தூக்கிய சில அலுவலர்களும், பயணக் களைப்பில் கால் தடுமாறிய அருணகிரி என்கிற அதிகாரியும் இறங்கினார்கள். கோயம்புத்தூர்க்காரர். அத்தனை சனத்தைக் கண்டதும் ஒரு நொடி பின்வாங்கி, பிறகு ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கினார். கூட்டமைப்பு பள்ளத்தின் மீதான தன் உரிமையை விட்டுக்கொடுக்கிறது, இன்றிலிருந்து ஊர் அதன் குடிகளுக்கே சொந்தம் என்று வாசித்தார். வாசித்து முடித்ததும் எழுந்த இரைச்சலில் கூரைப் பனி சொட்டியது. சவரிமுத்துவைத் தோளில் தூக்கினார்கள். ஷம்சு ஆவுடையைக் கட்டிக்கொண்டு, "கணக்கு பலிச்சிருச்சுக்கா" என்று தேம்பினாள்.

ஆவுடை அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். போன உயிர் வீண் போகவில்லை என்கிற ஒரு சின்ன ஆறுதல், பல நாள் கழித்து, அவளுக்கும் அன்று வந்தது.

அந்த ஆறுதல் ஒரு வாரம் நீடித்தது.

ஒப்படைப்புக்காக ஒவ்வொரு பிரிவாகப் பார்வையிட்டு வந்த அருணகிரி பருவ அறைக்கும் வந்தார். மரியாதையான மனிதர். ஆவுடை டீ போட்டுக் கொடுத்தாள். உட்காரச் சொன்னதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து, இவரும் நம்மைப்போல அலுத்த ஆள்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

"நல்ல வெக்கைங்கம்மா உங்க ஊர்ல. ரொம்பக் குளிரும்னு சொல்லி அனுப்புனாங்க, பெட்டி நெறையக் கம்பளி கொண்டாந்துட்டேன்."

"இப்பத்தான் கொஞ்ச நாளா. கூட்டம் சேரட்டும்னு நாங்கதான் கூட்டுனோம்." இனி மறைக்க என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். "அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தானே மேலிடம் இறங்கி வந்துச்சு?"

"கூட்டமுங்களா?" அவர் டீயைக் கீழே வைத்தார். "கதவு தொறந்தப்பத்தானுங்க நானே பார்த்தேன். நெஞ்சு படக்குன்னு ஆயிருச்சு. அடிக்க வந்துட்டாங்களோன்னு நெனச்சேன்."

"அப்ப அந்த ஆணை?"

"அது நாங்க கிளம்பறப்பவே கையெழுத்தாகி என் பெட்டியில இருந்ததுங்க. முன்னாடியே வெளிய விட்டா நடுவுல யாராச்சும் மனசு மாறிப்போடுவாங்கன்னு, நேர்ல போய்த்தான் படிக்கோணும்னு சொல்லிட்டாங்க. உங்க ரொசாரியோவுக்கு மட்டும் தெரியும். அவரு அப்பவே மூட்டை கட்ட ஆரம்பிச்சுட்டாருங்க. அவரையும் அவரு ஆளுங்களையும் திருப்பிக் கூட்டிட்டுப் போகத்தான் கப்பல்ல அத்தனை இருக்கைங்க."

பூமியிலிருந்து பள்ளத்துக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அவர் கிளம்பிய அன்று பள்ளத்தில் மார்கழிதான் நடந்துகொண்டிருந்தது. ஊர் போர்வைக்குள் இருந்தது. சுடலைமுத்து ஒரு கிண்ணம் கஞ்சியை முழுதாகக் குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏன் குடுத்தாவ அப்புறம்?" என்று கேட்டாள்.

அருணகிரி கொஞ்சம் சங்கடப்பட்டார். "பெருசா ஒண்ணுமில்லீங்கம்மா. தலைமையகம் இருக்கற ஊருல கோடை விடுமுறைக்கு முன்னாடி கடைசி அமர்வு. இழுத்துட்டுக் கெடக்கறதையெல்லாம் முடிச்சுத் தள்ளிட்டுக் குடும்பத்தோட கடற்கரைக்குப் போகோணும்னு எல்லாருக்கும் அவசரம். உங்க மனு ரொம்ப நாளா ஒரு மூலையில கெடந்தது. நடத்தறது பாரம்னு எல்லாரும் முன்னாடியே பேசிட்டிருந்ததுதான். ஒரு கட்டோட கட்டாப் போட்டுக் கையைத் தூக்குனாங்க, முடிஞ்சுது. பழைய காலத்துலயும் நெறைய இடத்துல இப்படித்தான் நடந்திருக்கும்னு எனக்கு ஒரு எண்ணமுங்க. ஆள்றவங்க லீவுக்குப் போறதுக்கு முன்னாடி மேசையைக் காலி பண்ணுவாங்க."

வெயில் காலம்தான். ஷம்சு சொன்னது அதுவரை சரி. யாருடைய ஊர் வெயில் என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை.

"ஏனுங்கம்மா, நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டனுங்களா?"

"இல்ல. டீ ஆறிப்போவும், குடிங்க" என்றாள் ஆவுடை.

அவர் போனபின் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. சுடலைமுத்துவிடம் போய்ச் சொல்லவேண்டும், அவன் ஏதாவது சொல்வான் என்று ஒரு கணம் எழுந்தேவிட்டாள்.

புதிய தலைவர் சவரிமுத்து அவளை நிர்வாகியின் பழைய அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். சில வாரங்களிலேயே அவர் இளைத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே திடலில் இன்னும் கூட்டம் இருந்தது. தண்ணீரை எப்படிப் பங்கிடுவது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தம் இப்போது அவரைப் பார்த்து.

"யாரும் வீட்டுக்குப் போகவே மாட்டேங்காவ மதினி" என்றார். "நான் என்ன மந்திரமா வச்சிருக்கேன்? குழாய் மாத்தணும், சுரங்கம் தொறக்கணும், எல்லாத்துக்கும் நாள் ஆகும்லா. சொன்னா கேக்கணுமே. ஒருத்தன் பேச ஆரம்பிச்சா நூறு பேரு கூடிருதான்." கையைப் பிசைந்தார். "கொஞ்சம் குளிர வச்சாத்தான் சரிப்படும். மெதுவா, யாருக்கும் தெரியாம. மின்சாரம் மிச்சப்படுத்தணும்னு ஒரு வார்த்தை சொல்லிக்கிடலாம்."

ஆவுடை அருணகிரி சொன்னதை முழுவதும் சொன்னாள். கூட்டாமலும் குறைக்காமலும் சொன்னாள். சவரிமுத்து பிசைந்துகொண்டிருந்த கையை விட்டார்.

"அப்ப அண்ணாச்சி..."

"ஆமா."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றார். தோள் குலுங்கியது. பிறகு திரும்பி, "இது டீச்சருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல."

"தெரியவேண்டாம் மதினி. சனங்க தாங்களா வாங்கினதுன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கட்டும். அந்த நெனைப்பும் போச்சுன்னா அப்புறம் என்ன இருக்கு?" பிறகு கெஞ்சுகிற குரலில், "அந்தக் குளிரு..." என்றார்.

மனிதர் கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அலுப்பாக இருந்தது. ஒருவேளை கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வந்திருக்கலாம்.

"வாங்க" என்றாள்.

பருவ அறைக்குக் கூட்டிப்போய் அவரை இருக்கையில் உட்கார வைத்தாள். "இது வெளிச்சம். இது காத்து. இது கூரைப் பனி, இதைக் கவனிக்காம மத்ததைத் தொட்டா ஊர் நனைஞ்சுபோவும். குறைக்கணும்னா இந்தப் பக்கம், கூட்டணும்னா அந்தப் பக்கம்."

"எனக்கு எதுக்கு இதெல்லாம்? நீங்க இருக்கீங்கள்லா?"

"நான் இல்ல. என்னால ஆகாது இனிமே. எதை வைக்கீங்களோ நீங்களே வைங்க. கண்ணாடி வழியா அவியளைப் பார்த்துக்கிட்டே வைங்க. டீச்சருக்கிட்ட நான் சொல்லத்தான் போறேன். அந்தப் பிள்ளை அன்னைக்கு நான் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாம இருக்கு."

சவரிமுத்து கையை நீட்டினார். நீட்டிய கை திருகுக்கு மேலே காற்றிலேயே நின்றது. அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க அவள் நிற்கவில்லை.

கீழே திடலில் இறங்கி நடந்தாள். விளக்குகள் காய்ந்துகொண்டிருந்தன. யாரும் அவளைத் தடுத்துக் கும்பிடவில்லை, தண்ணீர்ச் சண்டை மும்முரத்தில் இருந்தார்கள். ஷம்சுவைத் தேடினாள். அவள் வர நேரமாகும் என்றார்கள். ஓர் ஓரமாக வெள்ளை வேட்டியை விரித்து, ஒரு பெண் குத்தவைத்து வடகம் பிழிந்துகொண்டிருந்தாள். ஆவுடை அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். முதுகில் சூடு இறங்கியது.

அந்தப் பெண்ணுக்கு அவளை அடையாளம் தெரிந்தது. "அக்கா, நீங்களே வந்துட்டீங்க, நல்லதாப் போச்சு. நாளைக்கும் வெயில் இருக்கும்லா? பாதி மாவு மிச்சம் இருக்கு. பிழியட்டுமா, வேண்டாமா?"

"தெரியலம்மா" என்றாள் ஆவுடை.

ஆவுடை விளையாடுகிறாளோ என்று அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கிக் கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் மிச்ச மாவையும் அள்ளி அச்சில் போட்டுப் பிழியத் தொடங்கினாள்.